வாரத்துக்கு 168 மணி நேரம்: மாணவர் கேள்வி பதில்

கேள்வி: நாள் முழுக்கப் படிப்பது போலத்தான் இருக்கிறது. முடித்த வேலையைப் பார்த்தால் கொஞ்சம்தான். என் நேரம் எங்கே போகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? (இரண்டாம் ஆண்டு மாணவி)

ஒரு வாரத்துக்கு எதையும் மாற்றாதீர்கள். எழுதி மட்டும் வையுங்கள். நோட்டில் ஒரு நாளுக்கு ஒரு பக்கம், அரை மணிக்கு ஒரு வரி. இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை நிரப்புங்கள். இரவில் உட்கார்ந்து மொத்தமாக எழுதினால் நடந்தது வராது, நடந்திருக்க வேண்டியதுதான் வரும். 'படிப்பு' என்று பொதுவாக எழுதுவதும் பயன்படாது. 'புள்ளியியல், மூன்றாம் அத்தியாயம், 4 கணக்கு' என்று எழுதுங்கள். போனில் செலவான நேரத்தைப் போனே கணக்கு வைத்திருக்கும். அதையும் பக்கத்தில் குறியுங்கள்.

வாரக் கடைசியில் கூட்டிப் பாருங்கள். வாரத்துக்கு 168 மணி நேரம். தூக்கம் 56, வகுப்பும் லேப்பும் 25, சாப்பாடு, குளியல், பயணம் எல்லாம் 25 என்று வைத்தால் மீதி 62. உங்கள் நோட்டில் பாடத்தின் பெயரோடு பதிவானது அதில் எத்தனை? மேஜை முன் உட்கார்ந்த நேரமும் படித்த நேரமும் ஒன்றல்ல என்பது அங்கே தெரிந்துவிடும். கூடவே, ஒவ்வொரு அசைன்மென்டையும் கடைசித் தேதிக்கு எத்தனை நாள் முன்னால் தொட்டீர்கள் என்றும் எழுதுங்கள்.

கேள்வி: எவ்வளவு அழகாக அட்டவணை போட்டாலும் மூன்றாம் நாளே உடைந்துவிடுகிறது. எனக்கு மன உறுதி போதவில்லையா?

மன உறுதியின் மேல் பழி போடாதீர்கள். பெரும்பாலும் தவறுவது கணிப்புதான். ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த உளவியல் மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். 1994இல் வெளியான ஆய்வு அது. சராசரியாக 34 நாள் என்றார்கள். ஆனது 55 நாளுக்கு மேல். 'எல்லாமே கோளாறாகிப் போனால்?' என்று கேட்டபோது சொன்ன கணக்கே 49 நாளுக்குள்தான் இருந்தது! வேலை தடையில்லாமல் நடப்பதாகவே மனம் படம் போடுகிறது. போன தடவை எவ்வளவு ஆனது என்று திரும்பிப் பார்ப்பதில்லை.

ஆகவே உங்கள் பெருக்கு எண்ணைக் கண்டுபிடியுங்கள். அடுத்த பத்து வேலைகளுக்கும், தொடங்கும் முன் கணித்த நேரத்தையும் முடிந்தபின் ஆன நேரத்தையும் எழுதுங்கள். கணித்தது மொத்தம் 10 மணி, ஆனது 16 மணி என்றால் உங்கள் எண் 1.6. இனி '5 மணி நேர வேலை' என்று தோன்றினால் அட்டவணையில் 8 மணி ஒதுக்குங்கள். வாசிப்பு, கணக்கு, எழுத்து மூன்றுக்கும் தனித்தனி எண் எடுப்பது இன்னும் நல்லது. எழுத்து வேலையில்தான் எண் எகிறும்; மேற்கோள் சரிபார்ப்பது, படம் ஒட்டுவது, பிரிண்ட் எடுப்பது எதையும் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

இன்னொன்று: 62 மணி நேரம் கிடைத்தால் 62ஐயும் நிரப்பாதீர்கள், 40 போதும். வாரத்தில் இரண்டு இடங்களில் இரண்டு மணி நேரம் வெறுமையாக விடுங்கள். தவறிப்போன வேலையை அங்கே கொண்டுபோய் வையுங்கள். அப்படி ஓர் இடம் இல்லாததால்தான் திங்கட்கிழமை தவறியது செவ்வாயைத் தள்ளி, புதன்கிழமை முழு அட்டவணையும் சரிகிறது.

கேள்வி: மூன்று வாரம் அவகாசம் கொடுத்தாலும் கடைசி இரவில்தான் தொடங்குகிறேன்.

'கட்டுரை எழுத வேண்டும்' என்று குறித்து வைத்தால் கை எங்கே போகும் என்று கைக்கே தெரியாது. 'இரண்டு ஆய்வுக் கட்டுரை படித்து, ஒவ்வொன்றுக்கும் ஐந்து வரிக் குறிப்பு' என்று எழுதினால் உட்காரலாம். கடைசித் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். 22ஆம் தேதி கொடுக்க வேண்டுமென்றால் 20இல் முடித்துவிட வேண்டும். 18, 19 திருத்தம். 13 முதல் 17 வரை எழுத்து. அதற்கு முன் வாசிப்பும் குறிப்பும். தலைப்பு கைக்கு வந்த அன்றே 20 நிமிடம் ஒதுக்கி, கேள்வியை இருமுறை படித்து, புரியாத இடங்களை எழுதிவிடுங்கள். அன்றைக்குத் தோன்றும் சந்தேகத்தை மறுநாள் ஆசிரியரிடம் கேட்கலாம். கடைசி இரவில் யாரிடம் கேட்பீர்கள்?

கேள்வி: 25 நிமிடம் படிப்பு, 5 நிமிடம் ஓய்வு என்கிற பொமோடோரோ முறை எல்லாப் பாடத்துக்கும் ஒத்துவருமா?

வராது. மனப்பாடத்துக்கும், தொடங்கவே மனமில்லாத வேலைக்கும் நல்லது. நிரல் எழுதும்போதோ நீண்ட நிரூபணம் போடும்போதோ, சூடு பிடிக்கிற நேரத்தில் மணி அடித்துவிடும். 50 நிமிடம், 10 நிமிடம் என்று மாற்றிக்கொள்ளுங்கள். எந்த முறையானாலும் போன் வேறு அறையில் இருக்கட்டும்.

கேள்வி: விடியற்காலைப் படிப்பா, இரவுப் படிப்பா?

உங்கள் ஒரு வார நோட்டைப் பாருங்கள். எந்த நேரத்தில் அதிகக் கணக்கு முடிந்திருக்கிறதோ, அந்த நேரத்தைக் கடினமான பாடத்துக்குக் கொடுங்கள். துணி மடிப்பதையும் மின்னஞ்சலையும் தூக்கம் வரும் வேளைக்குத் தள்ளுங்கள். தூக்கத்துக்கான 56இல் மட்டும் கை வைக்காதீர்கள்.