58 கிரெடிட்டும் மீதிக் கணக்கும்

உங்கள் நிலைமையைச் சுருக்கிச் சொல்கிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா பாருங்கள். 2018-ல் அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த ஒரு கல்லூரியில் பி.இ. ஈசிஇ சேர்ந்து, நாலு செமஸ்டர் முடித்து, வீட்டுச் சூழ்நிலையால் நிறுத்திவிட்டீர்கள். இப்போது எச்-4 விசாவில் (எச்-1பி போன்ற வேலை விசாக்காரரின் குடும்பத்துக்கான விசா) டல்லாஸ் பக்கம் இருக்கிறீர்கள். டல்லாஸ் காலேஜ் என்ற கம்யூனிட்டி காலேஜில் (முதல் இரண்டு வருடப் பாடங்களை நடத்தும் அரசுக் கல்லூரி) மூன்று பாடம் முடித்தாயிற்று. இந்தியப் படிப்பு இங்கே 58 கிரெடிட்டுக்கு (பாடங்களின் அளவைக் குறிக்கும் அலகு) ஈடு என்று, வெளிநாட்டுப் படிப்பை எடைபோடும் நிறுவனத்தின் மதிப்பீட்டு அறிக்கை வந்திருக்கிறது. ஒரு தனியார் ஆன்லைன் கல்லூரி 90 கிரெடிட் வரை எடுத்துக்கொள்வோம் என்கிறது. அரசுப் பல்கலைக்கழகத்தில் யாரும் பிடிகொடுத்துப் பேசவில்லை. "அக்கா, எங்கே போனால் என் கிரெடிட் அதிகம் செல்லுபடியாகும்?" என்று கேட்கிறீர்கள்.

2007-ல் டெக்சாஸ் வந்து இறங்கியபோது நானும் இதையேதான் எல்லாரிடமும் கேட்டேன். என்னிடம் 64 கிரெடிட் இருந்தது. ஒரு கல்லூரி 64-ஐயும் ஏற்றுக்கொண்டது, இன்னொன்று 51 மட்டும்தான் என்றது. நான் எங்கே சேர்ந்திருப்பேன் என்று சொல்லத் தேவையில்லை. முதல் செமஸ்டர் முடிகிற நேரத்தில் அட்வைசர் கணினித் திரையை என் பக்கம் திருப்பி டிகிரி ஆடிட்டைக் (பட்டத்துக்கு வேண்டிய பாடங்களில் எது முடிந்தது, எது பாக்கி என்று காட்டும் பக்கம்) காட்டினார். மேலே வரிசையாகக் கட்டங்கள், பாதிக்கு மேல் காலி. பக்கத்தின் அடியில் ஒரு தனிப் பட்டியல். அதில் என் பாடங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாகக் கிடந்தன. "இவை ஏற்கப்பட்டவை, ஆனால் உங்கள் டிகிரியில் எங்கும் பொருந்தாதவை" என்றார். 64-ல் டிகிரிக்குள் போனது 40 தான். மீதி 24-ம் டிரான்ஸ்கிரிப்டில் அழகாக அச்சாகியிருக்கும், ஒரு பாடத்தைக்கூடக் குறைக்காது. 51 என்று சொன்ன இடத்தில் போய்ப் பார்த்தால் 48 டிகிரிக்குள்ளேயே உட்கார்ந்தது. டிகிரிக்கு மொத்தம் 120 கிரெடிட், அதாவது முதல் இடத்தில் இன்னும் 80 படிக்க வேண்டும், இரண்டாவது இடத்தில் 72. ஒரு செமஸ்டர் கட்டணம் கட்டித் தெரிந்துகொண்ட கணக்கு இது.

ஆகவே, எத்தனை எடுத்துக்கொள்வீர்கள் என்று எந்தக் கல்லூரியிடமும் கேட்காதீர்கள். "இந்த மேஜரில் (முதன்மைப் பாடத்தில்) சேர்ந்தால் இன்னும் எத்தனை கிரெடிட் படிக்க வேண்டும், அதில் எத்தனை உங்களிடமே படிக்க வேண்டும்?" என்று கேளுங்கள். இதற்குப் பதில் சொல்ல அவர்கள் உங்கள் பாடங்களை டிகிரி பிளானில் ஒவ்வொன்றாக உட்கார வைத்துப் பார்த்தாக வேண்டும். மேஜரை முடிவு செய்யாமல் இதைக் கேட்க முடியாது என்பதும் உண்மை. ஐ.டி.யா, அக்கவுண்டிங்கா என்று இரண்டு மனமாக இருக்கிறீர்கள். கிரெடிட்டை மட்டும் வைத்துச் சொன்னால் உங்கள் கணிதமும் சி, பைத்தான் பாடங்களும் கம்ப்யூட்டர் சார்ந்த டிகிரியில்தான் மதிப்பு பெறும். அக்கவுண்டிங் போனால் அவற்றில் பெரும்பகுதி எலெக்டிவ் (விருப்பப் பாடம்) கட்டத்துக்குப் போய்விடும், அந்தக் கட்டமோ சின்னது. அதற்காகப் பிடிக்காததைப் படியுங்கள் என்று சொல்லவில்லை. விலை தெரிந்து முடிவெடுங்கள், அவ்வளவுதான்.

அடுத்தது சிலபஸ். இதைத்தான் நம் ஆட்கள் கோட்டை விடுகிறார்கள். மதிப்பீட்டு அறிக்கை வெறும் பரிந்துரைதான். எந்தப் பாடத்துக்கு எது ஈடு என்று முடிவு செய்வது கல்லூரி, பல நேரம் அந்தந்தத் துறை. நீங்கள் 2018-ல் சேர்ந்ததால் ரெகுலேஷன் 2017 சிலபஸாக இருக்கும். அதில் எம்ஏ8151, பொறியியல் கணிதம் ஒன்று. அறிக்கையில் அந்தப் பெயரை மட்டும் பார்க்கிற அலுவலர் "பொதுக் கணிதம்" என்று எலெக்டிவில் தள்ளிவிடுவார். சிலபஸைத் திறந்தால் வகைநுண்கணிதம், தொகைநுண்கணிதம், பல மாறிச் சார்புகள் என்று யூனிட் யூனிட்டாக இருக்கும். கணிதத் துறை ஆசிரியர் பார்த்தால் அது கால்குலஸ் என்று தெரிந்துவிடும். மூன்றாம் செமஸ்டர் சி மொழி டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ், முதல் வருடப் பைத்தான் (ஜிஇ8151) இரண்டுக்கும் இதே கதைதான். ஒவ்வொரு பாடத்துக்கும் சிலபஸ், வார வகுப்பு நேரம், பாடநூல் பெயர் மூன்றும் இருக்கிற பக்கத்தைத் தனித்தனி பிடிஎஃப் ஆக வைத்துக்கொண்டு, மறுபரிசீலனை கேட்டு எழுதுங்கள். எனக்கு இரண்டு பாடம் இப்படித்தான் எலெக்டிவிலிருந்து மேஜருக்கு ஏறியது. கம்யூனிகேட்டிவ் இங்கிலீஷை மட்டும் நம்பாதீர்கள். இங்கத்திய இங்கிலீஷ் 1301-க்கு (முதல் வருடக் கட்டுரை எழுதும் பாடம்) ஈடாக அதைப் பெரும்பாலும் ஏற்பதில்லை.

டெக்சாஸுக்கென்று சில விதிகள் உண்டு. இங்கே அரசுக் கல்லூரியில் இளநிலைப் பட்டம் வாங்குகிற எல்லாரும் அமெரிக்க வரலாறு 6 கிரெடிட், அரசியலமைப்பு 6 கிரெடிட் படித்தாக வேண்டும். இது மாநிலச் சட்டம். இந்தியாவில் என்ன படித்திருந்தாலும் இதற்கு ஈடாகாது. ஆக, நாலு பாடம் உறுதியாக உங்கள் தலையில் இருக்கிறது. இவற்றை டல்லாஸ் காலேஜிலேயே முடித்துவிடுங்கள். கிளெப் தேர்வு (வகுப்புக்குப் போகாமலே கிரெடிட் வாங்கித் தரும் தேர்வு) எழுதியும் சிலவற்றைக் கழிக்கலாம், ஆனால் அரசியலமைப்பில் டெக்சாஸ் பகுதி கிளெப்பில் வராது, அதைத் தனியாகப் படிக்க வேண்டியிருக்கும்.

மாநிலம் முழுக்கப் பொதுவான 42 கிரெடிட் கோர் (எல்லா மேஜருக்குமான அடிப்படைப் பாடத் தொகுப்பு) ஒன்று இருக்கிறது. அதை ஒரு அரசுக் கல்லூரியில் முழுதாக முடித்து டிரான்ஸ்கிரிப்டில் "கோர் முடிந்தது" என்று வந்துவிட்டால், இன்னொரு அரசுப் பல்கலைக்கழகம் அதை அப்படியே ஒப்புக்கொள்ள வேண்டும். அரைகுறையாக எடுத்துப் போனால் பாடம் பாடமாகப் பார்ப்பார்கள். பாட எண்ணையும் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்: மேத் 2413 என்றால் முதல் இலக்கம் இரண்டாம் வருட நிலை, அடுத்த இலக்கம் 4 கிரெடிட். கம்யூனிட்டி காலேஜில் 1, 2-ல் தொடங்கும் பாடங்கள்தான் உங்களுக்குக் கிடைக்கும். டிகிரிக்கோ 3, 4-ல் தொடங்குகிற மேல்நிலைப் பாடம் 30 கிரெடிட்டுக்கு மேல் கேட்பார்கள். அதனால் கீழ்நிலை கிரெடிட்டைக் குவித்துக்கொண்டே போவதில் ஒரு கட்டத்துக்கு மேல் பயனில்லை. போதாக்குறைக்கு, இந்தப் பகுதிக் கல்லூரிகளை அங்கீகரிக்கிற அமைப்பின் விதிப்படி, பட்டம் தருகிற கல்லூரியிலேயே குறைந்தது 25 சதவீதம் படிக்க வேண்டும். 120-க்கு 30. வெளியிலிருந்து எவ்வளவு கொண்டுவந்தாலும் இந்த 30 குறையாது.

அந்த ஆன்லைன் கல்லூரி 90 என்று சொல்வதன் பின்னணியும் இதுதான். 120-ல் 30 போனால் 90. அது உச்சவரம்பு, உங்களுக்குக் கொடுத்த வாக்கு இல்லை. அதற்காக ஆன்லைன் கல்லூரி என்றாலே மோசம் என்று நான் சொல்ல மாட்டேன். அங்கீகாரம் யார் கொடுத்தது என்று முதலில் பாருங்கள். அமெரிக்கக் கல்வித் துறையின் தளத்தில் கல்லூரிப் பெயரைப் போட்டாலே வந்துவிடும். பிறகு மேலே சொன்ன மீதிக் கணக்கை எழுத்தில் கேளுங்கள். பணம் கட்டின பிறகுதான் கணக்கு தருவோம் என்று சொன்னால், நானாக இருந்தால் அத்தோடு விட்டுவிடுவேன்.

அரசுப் பல்கலைக்கழகத்தில் பிடிகொடுக்காமல் பேசுகிறார்கள் என்கிறீர்கள். யாரிடம் பேசினீர்கள்? அட்மிஷன் அலுவலகத்தில் இருப்பவருக்கு உங்கள் மேஜர் பற்றித் தெரியாது. துறை அட்வைசரின் மின்னஞ்சலைத் தேடி, பாடப் பட்டியலோடு எழுதுங்கள். டென்டனில் நார்த் டெக்சாஸ் பல்கலைக்கழகம், ரிச்சர்ட்சனில் யுடி டல்லாஸ், ஆர்லிங்டனில் யுடிஏ மூன்றுக்கும் எழுதிப் பாருங்கள். மேஜரில் கறாராக இருக்க வேண்டாம், பட்டம் கையில் வந்தால் போதும் என்றால் பிஏஏஎஸ் (பேச்சலர் ஆஃப் அப்ளைட் ஆர்ட்ஸ் அண்ட் சயின்சஸ்) என்று ஒரு பட்டம் இருக்கிறது. பல இடங்களிலிருந்து கிரெடிட் சேர்த்தவர்களுக்கு அதில் இடம் தாராளம். பின்னால் கம்ப்யூட்டர் சயின்ஸ் எம்.எஸ். படிக்கிற ஆசை இருந்தால் அது கொஞ்சம் இடிக்கும், அடிப்படைப் பாடங்களைத் தனியாக எடுக்கச் சொல்வார்கள்.

இன்னும் சில சில்லறை விஷயங்கள். எச்-4-ல் படிக்கத் தடையில்லை, எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாற வேண்டிய அவசியமும் இல்லை. மாறினால் முழுநேரம் படித்தாக வேண்டும், ஆன்லைன் பாடத்தில் ஒரு செமஸ்டருக்கு ஒன்றுதான் அந்தக் கணக்கில் சேரும். டெக்சாஸில் 12 மாதக் குடியிருப்பை நிரூபித்தால் எச்-4 காரர்களும் இன்-ஸ்டேட் கட்டணம் (மாநிலத்தில் குடியிருப்போருக்கான குறைந்த கட்டணம்) கேட்கலாம்; வாடகை ஒப்பந்தம், கணவரின் சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் இப்போதே ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள். அப்புறம், விண்ணப்பத்தில் முன்பு படித்த எல்லாக் கல்லூரியையும் காட்டிவிடுங்கள். அரியர் இருந்த செமஸ்டரை மறைத்துச் சிக்கிக்கொண்ட ஒருவரை எனக்குத் தெரியும். அரியரால் வந்த சேதத்தைவிட மறைத்ததால் வந்த சேதம்தான் பெரிது. உங்கள் இந்திய கிரெடிட்டை டல்லாஸ் காலேஜ் ஏற்றுக்கொண்டிருந்தாலும், அடுத்த பல்கலைக்கழகம் பழைய டிரான்ஸ்கிரிப்டை மறுபடி கேட்டுத் தானே பார்க்கும். அதனால் அண்ணா பல்கலைக்கழகத்திலிருந்து நேரடியாக அனுப்ப வைக்கும் வேலையைக் கடைசி நேரத்துக்குத் தள்ளாதீர்கள்.

அடுத்த செமஸ்டருக்குப் பதிவு செய்வதற்கு முன் அந்த 58-ன் பாடவாரிப் பக்கத்தையும் டல்லாஸ் காலேஜில் எடுத்த மூன்று பாடத்தின் எண்களையும் அனுப்புங்கள். எந்தப் பாடத்துக்கு முதலில் மறுபரிசீலனை கேட்கலாம் என்று உட்கார்ந்து பார்ப்போம்.