ரத்தத்தில் நைட்ரிக் ஆக்சைடு டெஸ்ட்: எடுக்கலாமா, வேண்டாமா?

பெங்களூரில் பயோகெமிஸ்ட்ரி லேபில் இருபத்தைந்து வருஷம் தள்ளியவள் நான். நம் அல்சூர் குழுவினர் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

அக்கா, செக்கப் பேக்கேஜில் 'நைட்ரிக் ஆக்சைடு லெவல்' என்று ஒன்று சேர்த்திருக்கிறார்கள். எனக்கு பிபி உண்டு. எடுக்கட்டுமா?

வேண்டாம் தம்பி. ரத்தக்குழாயைத் தளர்த்துவது இந்த வாயுதான். அது இப்படித் தளர்த்துகிறது என்று கண்டுபிடித்த ஃபர்ச்காட், இக்னாரோ, முராத் மூவருக்கும் 1998-ல் நோபல் கிடைத்தது. ஆனால் ரத்தத்தில் அது ஒரு நொடிகூடத் தாங்காது. ஹீமோகுளோபின் பிடித்து நைட்ரேட்டாக மாற்றிவிடும். ஊசி குத்தி டியூபில் எடுப்பதற்குள்ளேயே கதை முடிந்துவிடும். லேப் அளப்பது மிச்சமிருக்கும் நைட்ரைட்டையும் நைட்ரேட்டையும்தான். பந்தி முடிந்தபின் எச்சில் இலையை எண்ணி, யார் என்ன சாப்பிட்டார்கள் என்று சொல்வது மாதிரி. பிபிக்கு பிபி மெஷின் போதும்.

அந்த மிச்சத்தை எப்படி அளக்கிறீர்கள் மேடம்?

கிரீஸ் ரியாக்‌ஷன். கிரீஸ் (Griess) என்ற வேதியியலாளர் 1879-லேயே கொண்டுவந்த முறை. முதலில் நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றணும். பிறகு இரண்டு ரசாயனம் விட்டால், லேப் தட்டில் இருக்கும் சின்னக் குழியில் ரோஸ் மில்க் நிறம் ஏறும். நைட்ரைட் கூடக் கூட நிறம் அடர்த்தியாகும். அதை 540 நானோமீட்டர் ஒளியில் படிப்போம். பார்க்க அழகு, செய்யப் படுத்தல். ஒரு தடவை வெறும் தண்ணீர் விட்ட குழியே சிவந்துவிட்டது. ரசாயனம், தண்ணீர், டியூப் என்று எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்துவிட்டு, கடைசியில் பார்த்தால் என் கையுறை! அதில் ஒட்டியிருந்த நைட்ரைட் வேலையைக் காட்டியிருக்கிறது.

முந்தின நாள் பீட்ரூட் பொரியல் சாப்பிட்டால் ரிசல்ட் மாறுமா?

மாறாமல் என்ன? பீட்ரூட், கீரை எல்லாமே நைட்ரேட் மூட்டை. சாப்பிட்டால் ரத்தத்தில் நைட்ரேட் பல மடங்கு ஏறும். நாக்கில் இருக்கும் பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கும். கிருமிநாசினி மவுத்வாஷ் போட்டுக் கொப்பளித்தால் அது குறையும். எச்சிலில் தொட்டுப் பார்க்கும் பட்டைக்கும் இதே கதிதான். அது உங்கள் இதயத்தைப் பற்றி எதுவும் சொல்லாது.

என் பையனுக்கு ஆஸ்துமா சந்தேகம். டாக்டர் ஊதச் சொல்லி நைட்ரிக் ஆக்சைடு பார்த்தார். அதுவும் வேஸ்டா அக்கா?

இல்லைம்மா, அது உருப்படியான டெஸ்ட். அலர்ஜியால் மூச்சுக்குழாய் வீங்கியிருந்தால் வெளிவிடும் காற்றில் இந்த வாயு கூடும். ஒரே சீராக, நொடிக்கு 50 மில்லி வேகத்தில் ஊதணும். பெரியவர்களுக்கு 25 பிபிபிக்குக் (பிபிபி என்றால் நூறு கோடியில் ஒரு பங்கு) கீழே என்றால் குறைவு, 50-ஐத் தாண்டினால் அதிகம். பன்னிரண்டு வயதுக்குள் என்றால் 20, 35. இன்ஹேலர் ஸ்டீராய்டு போட்டால் இறங்கும். சிகரெட் பிடிப்பவர்களுக்கும் இறங்கிக் காட்டும். அதனால் இதை மட்டும் வைத்து ஆஸ்துமா என்று முத்திரை குத்தக்கூடாது. ஊதும் மூச்சின் அளவையும் வேகத்தையும் அளக்கும் ஸ்பைரோமெட்ரியும் பாருங்கள்.

யூரின் ஸ்ட்ரிப்பில் 'நைட்ரைட்' என்று போட்டிருக்கே, இதுதானா?

அதே கிரீஸ் நிறம்தான், விஷயம் வேறு. அங்கே நைட்ரைட்டை உண்டாக்குவது சிறுநீர்த்தொற்றுக் கிருமி.

அண்ணன் குழந்தை என்ஐசியூவில் (பச்சிளங்குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவு) இருக்கிறது, நுரையீரல் பிரஷர் என்று இந்த வாயுவையே கொடுக்கிறார்கள். ரத்தத்தில் லெவல் பார்க்க வேண்டாமா?

அங்கே பார்க்க வேண்டியது மெத்ஹீமோகுளோபின். வாயு ஹீமோகுளோபினோடு சேர்ந்தால் அதுதான் உண்டாகும். கூடினால் ஆக்ஸிஜன் சுமக்கிற சக்தி குறையும். பிளட் காஸ் ரிப்போர்ட்டிலேயே பெரும்பாலும் அந்த எண் இருக்கும். நாளைக்கு டாக்டரிடம் அதைக் கேளுங்கள்.