டர்போ காரின் சைலன்சரை மாற்றி இஞ்சினையும் ட்யூன் செய்தால் இன்சூரன்ஸ் என்ன ஆகும்?

கேள்வி: ராமநாதபுரத்தில் இருக்கிறேன். என் டர்போ பெட்ரோல் காரின் சைலன்சரை மாற்றி, இஞ்சினையும் ட்யூன் செய்ய நினைக்கிறேன். இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்ல வேண்டுமா? சொல்லாவிட்டால் என்ன ஆகும்?

சொல்ல வேண்டும். வேலையை ஆரம்பிப்பதற்கு முன்பே, எழுத்தில் சொல்ல வேண்டும். நான் சொல்லாமல் செய்தேன். அதனால் உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் நடுவே ஒரு மாலையில் எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன்.

என்னுடையது மூன்று சிலிண்டர், ஒரு லிட்டர் டர்போ பெட்ரோல் கார். கம்பெனி கொடுத்தது 110 குதிரைத்திறன். மதுரையில் ஒரு பட்டறையில் இஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியூவின் மென்பொருளை மாற்றி எழுதி, டவுன்பைப் எனப்படும் டர்போவை அடுத்த புகைக்குழாய் முதல் பின்பக்கக் குழாய் வரை எல்லாவற்றையும் புதிதாகப் போட்டேன். 135-க்கு வந்துவிட்டது என்றார்கள். அளந்து பார்க்கவில்லை, ஆனால் ஓட்டும்போது வித்தியாசம் நன்றாகவே தெரிந்தது. ராமேஸ்வரம் சாலையின் நேரான பகுதிகளில் மூன்றாவது கியரில் மிதித்தால் கார் பாய்ந்தது. அந்த மகிழ்ச்சியை நான் மறுக்க மாட்டேன். உங்களுக்கு ஏன் ஆசை வருகிறது என்பதும் புரிகிறது.

டர்போ காரில் இந்த இரண்டு வேலைகளும் ஒன்றோடொன்று பிணைந்தவை. டர்போவைச் சுழற்றுவது புகைதான். டர்போவைத் தாண்டிய பிறகு புகை எவ்வளவு எளிதாக வெளியேறுகிறதோ, அவ்வளவு சீக்கிரம் பூஸ்ட், அதாவது டர்போ இஞ்சினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தம், ஏறும். பின்னால் இருக்கும் சைலன்சரை மட்டும் மாற்றினால் பெரும்பாலும் சத்தம்தான் கூடும். உண்மையான பலன் டர்போவை ஒட்டியிருக்கும் டவுன்பைப்பில் இருக்கிறது. பிஎஸ்-6 புகை விதிப்படி வந்த கார்களில், புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் உட்கார்ந்திருப்பதும் பெரும்பாலும் அங்கேதான். அதை எடுத்துவிட்டால், பின்னால் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் குறையைக் கண்டுபிடித்து இஞ்சின் விளக்கை எரியவிடும். விளக்கு எரியாமல் இருக்க, ட்யூன் செய்பவர் அந்தச் சோதனையை மென்பொருளிலேயே அணைத்துவிடுவார். ஆகவே மென்பொருள் கண்ணுக்குத் தெரியாது என்று நம்பியிருக்காதீர்கள். குழாயைப் பார்த்தாலே மென்பொருளிலும் கை வைத்திருக்கிறார்கள் என்று விவரம் தெரிந்தவர் சொல்லிவிடுவார்.

அன்று மாலை சீமைக்கருவேலப் புதர்களுக்குள் இருந்து ஒரு கீதாரி தன் ஆட்டுக்கிடையைச் சாலைக்குக் குறுக்கே ஓட்டிக்கொண்டு வந்தார். முன்னால் வந்த ஆடுகள் கடந்துவிட்டன, நடுவில் இருந்தவை திகைத்து நின்றுவிட்டன. நான் வேகமாகப் போகவில்லை. ஸ்டியரிங்கை ஒடித்தேன், கார் சாலையோரப் பாலத்தின் கட்டைச் சுவரில் மோதி நின்றது. ரேடியேட்டர், இன்டர்கூலர், முன்பம்பர், ஒரு பக்க விளக்கு எல்லாம் போயின. யாருக்கும் அடியில்லை. சர்வீஸ் மையம் கொடுத்த எஸ்டிமேட் 1,84,000 ரூபாய்.

சேதத்தை மதிப்பிட இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பிய சர்வேயர் பெரியவர், நிதானமானவர். முன்பக்கத்தைப் படமெடுத்து முடித்ததும் கிளம்பிவிடுவார் என்று நினைத்தேன். காரை லிஃப்டில் ஏற்றச் சொன்னார். டார்ச்சை அடித்துக்கொண்டு அடியில் நின்றவர், குழாயின் வெல்டிங் ஓரத்தைச் சாவிமுனையால் ஒருமுறை சுரண்டினார். செம்பழுப்புத் தூள் அவர் சட்டைக் கையில் உதிர்ந்தது. பதினான்கு மாதக் குழாய்தான். நம் ஊர் உப்புக்காற்றில் சாதா இரும்புக்கு அதுவே நீண்ட ஆயுள். "தம்பி, கம்பெனிக் குழாய் இவ்வளவு சீக்கிரம் இப்படித் துருப்பிடிக்காது. கன்வெர்ட்டரை எங்கே வைத்திருக்கிறீர்கள்?" என்றார். வீட்டில் இருக்கிறது என்றேன். பொய் சொல்ல மனம் வரவில்லை. அதையும் எழுதிக்கொண்டார்.

மூன்று வாரத்தில் கடிதம் வந்தது. காரில் முக்கியமான மாற்றம் செய்து அதைத் தெரிவிக்கவில்லை, மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவையும் மீறியிருக்கிறீர்கள், ஆகவே கிளெய்ம் நிராகரிக்கப்படுகிறது என்று எழுதியிருந்தார்கள்.

அந்தப் பிரிவு சொல்வது எளிமையானது. தயாரிப்பாளர் குறிப்பிட்டதற்கு மாறாக ஆர்சி விவரங்கள் ஆகும்படி வண்டியை மாற்றக் கூடாது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். சத்தமும் புகையும் வரம்பு மீறினால் 190(2) தனியாக இருக்கிறது: முதல் தடவையே 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, மூன்று மாதம் லைசென்ஸும் போகும்.

இன்சூரன்ஸுக்கு வருகிறேன். பாலிசியில் இரண்டு பகுதிகள் உண்டு. உங்கள் காரின் சேதத்துக்கான பகுதி, உங்களுக்கும் கம்பெனிக்கும் இடையிலான ஒப்பந்தம்; முக்கியமான தகவலை மறைத்தால் அவர்கள் கைவிரிக்க முடியும். ட்யூன் செய்ததால் பிஸ்டனோ டர்போவோ போனால் கேட்கவே வேண்டாம். இயந்திரக் கோளாறு சாதாரணப் பாலிசியில் எப்போதுமே சேராது, கம்பெனி வாரண்டியும் கிடைக்காது. நம் பங்குகளில் கிடைப்பது சாதாரணப் பெட்ரோல்தான். கத்திரி வெயிலில் அதை ஊற்றிக்கொண்டு கூடுதல் பூஸ்டில் ஓட்டும்போது பெட்ரோல் நேரம் தவறி எரிந்து இஞ்சின் தட்டும் ஆபத்து கூடுகிறது என்பதையும் மனத்தில் வையுங்கள்.

மூன்றாம் நபருக்கான பகுதிதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. அந்தக் கீதாரியின் மேல் மோதியிருந்தால்? பாதிக்கப்பட்டவர்களைக் காக்கத்தான் அந்தப் பகுதியைச் சட்டம் கட்டாயமாக்கியிருக்கிறது. கம்பெனி மறுப்பதற்கான காரணங்களையும் 150-ஆவது பிரிவு சுருக்கி வைத்திருக்கிறது. ஆனால் முக்கியமான தகவலை மறைத்துப் பாலிசி எடுத்தார் என்பது அந்தச் சில காரணங்களில் ஒன்று. ட்யூன் செய்த பிறகு ஒருமுறை நான் பாலிசியைப் புதுப்பித்திருந்தேன், அப்போதும் சொல்லவில்லை. நிபந்தனை மீறல் வழக்குகளில், குடும்பத்துக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு வண்டிக்காரரிடம் வசூலித்துக்கொள் என்று நீதிமன்றங்கள் கம்பெனிகளுக்கு உத்தரவிடுவது உண்டு. ஓர் உயிருக்கான இழப்பீடு பல லட்சம் போகும். எங்கள் வீடும் தென்னந்தோப்பும் அதற்குப் போதாது.

என் கிளெய்ம் முழுவதும் போய்விடவில்லை. மோதலுக்குக் காரணம் ஆடுகள்தான், குழாய்க்கும் விபத்துக்கும் தொடர்பில்லை என்று கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதினேன். பாலிசி நிபந்தனையை மீறி வாடகைக்கு விடப்பட்ட ஒரு தனியார் கார் வழக்கில், கிளெய்மை முழுதும் தள்ளாமல் ஒரு தொகை கொடுக்கும்படி உச்ச நீதிமன்றம் 2010-இல் சொல்லியிருப்பதையும் குறிப்பிட்டேன். கடைசியில் கால் பங்கைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தார்கள். ஒத்துவராமல் போயிருந்தால் சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் (ஆம்புட்ஸ்மேன்) போயிருப்பேன். கட்டணம் கிடையாது, கம்பெனி மறுத்த ஓராண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும். ஆனால் எனக்குக் கிடைத்ததை நம்பி நீங்கள் இறங்காதீர்கள். அடுத்தவருக்கு முழுத் தொகையும் மறுக்கப்படலாம்.

பழைய குழாயையும் கன்வெர்ட்டரையும் திரும்பப் பொருத்தி, மென்பொருளையும் பழையபடி எழுதிவிட்டேன். இன்னொன்றும் சொல்ல வேண்டும். தனுஷ்கோடியைப் பூநாரைகளுக்கான சரணாலயமாகத் தமிழக அரசு 2025-இல் அறிவித்திருக்கிறது. கோதண்டராமர் கோயில் பக்கம் ஆழமில்லாத நீரில் அவை கூட்டமாக நிற்கும்போது, அந்தச் சத்தமான குழாயோடு நான் அவ்வழியே போயிருக்கிறேன். கூட்டம் மொத்தமாக எழுந்து பறந்தது. அப்போது அழகாக இருந்தது என்று நினைத்தேன். இப்போது நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

துருப்பிடித்த சைலன்சரை அதே வகையில் மாற்றுவதில் எந்தச் சிக்கலும் இல்லை. நம் கடற்கரையில் அது தேவையும்கூட. பில்லை மட்டும் பத்திரமாக வையுங்கள். அலாய் வீல், மியூசிக் சிஸ்டம் போன்றவற்றை மதிப்புச் சொல்லிப் பாலிசியில் சேர்க்கலாம். சிஎன்ஜி கிட் போட்டால் ஆர்சியிலும் பாலிசியிலும் பதிய வழி இருக்கிறது. கன்வெர்ட்டர் இல்லாத குழாயை ஆர்டிஓ பதிய மாட்டார். பதியாததைக் கம்பெனி ஏற்றுக்கொள்வது கடினம்.

அப்படியும் ஆசை விடவில்லை என்றால், பாலிசி எண், செய்யப்போகும் மாற்றங்கள், பொருத்தும் பாகங்கள், கூடும் திறன் எல்லாவற்றையும் எழுதிக் கம்பெனிக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். ஏஜென்ட் வாயால் "ஒன்றும் ஆகாது" என்று சொன்னால் அதை ஏற்காதீர்கள். கம்பெனியிடமிருந்து எழுத்தில் பதில் வரும்வரை காரைப் பட்டறைக்குக் கொண்டு போகாதீர்கள்.