என் ரோடு பைக் (ஒல்லி டயர் சைக்கிள்) டயரில் 700×28சி என்று இருக்கிறது, கும்பகோணத்துக் கடையில் 28 இஞ்ச் டியூப் தருகிறார்கள். வாங்கலாமா?

வேண்டாம். கடைக்காரர் மேலும் தப்பில்லை. நம் பக்கத்துச் சைக்கிள் கடைகளில் '28' என்றால் பால் கேன் கட்டி ஓட்டுகிற பெரிய சைக்கிள்தான். அந்த டயர் 28×1½. ரிம்மில் டயர் உட்காரும் இடத்தின் விட்டம் அதற்கு 635 மில்லிமீட்டர், உங்கள் ரோடு பைக்குக்கு 622. உங்கள் டயரில் எழுதியிருக்கும் 28 விட்டமே இல்லை, மில்லிமீட்டரில் டயரின் அகலம்.

டயரின் பக்கவாட்டில் 28-622 என்று சின்னதாக இன்னொரு எண் இருக்கும். அதைப் போட்டோ எடுத்துக் கடையில் காட்டுங்கள், குழப்பமே வராது. சிலர் 29 இஞ்ச் எம்டிபி (தடி டயர் போட்ட மலைப்பாதை சைக்கிள்) டியூப்பை எடுத்து நீட்டுவார்கள். விட்டம் அதே 622தான், ஆனால் அது இரண்டு இஞ்ச் தடிமனான டயருக்கானது. உங்கள் டயருக்குள் மடிந்து சுருங்கித்தான் உட்காரும். மடிப்பு ரிம்முக்கும் டயருக்கும் நடுவில் மாட்டினால், காற்று ஏற்றும்போதே வெடிக்கும்.

டியூப் அட்டையில் 18-25, 25-32 என்று அகல வரம்பு போட்டிருப்பார்கள், கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும். உங்களுக்கு 25-32 சரி. 18-25 டியூப்பைப் போட்டாலும் ஓடும், ஆனால் ரப்பர் இழுபட்டு மெல்லிசாகிவிடும். அறுவடை முடிந்து வைக்கோல் ஏற்றிய வண்டிகள் போன சாலையிலும், கருவேல முள் கிடக்கிற ஆற்றங்கரைச் சாலையிலும் ஓட்டுகிறவருக்கு அது தேவையா? வழியில் வேறு கிடைக்காவிட்டால் வீடு வந்து சேர ஒல்லி டியூப் போதும். தடி டியூப்பை அப்படிக்கூடப் போடாதீர்கள்.

அப்புறம் வால்வு. பலரும் கோட்டை விடுவது இதில்தான். ரோடு பைக்கில் பெரும்பாலும் பிரெஸ்டா எனும் ஒல்லி வால்வு, ரிம் ஓட்டை 6.5 மில்லிமீட்டர். மோட்டார் சைக்கிளில் இருக்கும் ஷ்ரேடர் வால்வு அதில் நுழையாது, அதற்கு 8.5 வேண்டும். நுழைப்பதற்காக ஓட்டையை டிரில் போட்டுப் பெரிதாக்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்துவிடுங்கள். வால்வு நீளத்துக்கு ரிம்மின் உயரத்தை, அதாவது டயர் பக்கத்து விளிம்பிலிருந்து கம்பி மாட்டும் பக்கம் வரை, ஸ்கேலில் அளந்து, அதோடு 20 மில்லிமீட்டர் கூட்டிக்கொள்ளுங்கள். உயரம் 25க்குள் இருக்கும் சாதா அலுமினிய ரிம்முக்கு 48 மில்லிமீட்டர் வால்வு தாராளம்.

கும்பகோணம், தஞ்சாவூர் மாதிரி ஊர்களிலேயே இந்த டியூப்பைத் தேடத்தான் வேண்டும். அணைக்கரை, பூம்புகார்ப் பக்கம் போகும்போது சாலையோரக் கடையில் கிடைக்கும் என்று நம்ப வேண்டாம். சீட்டுக்கு அடியில் மாட்டும் பையில் இரண்டு டியூப், டயரை நெம்பிக் கழற்றும் லீவர், ஒட்டுப் போடும் பேட்ச். கூடவே ஒரு பித்தளை அடாப்டர், சில ரூபாய்தான். பிரெஸ்டா வால்வின் மூக்கைத் தளர்த்தி அதைத் திருகினால் பெட்ரோல் பங்க் காற்றுக் குழாய் அப்படியே பொருந்தும்.

மாட்டும் முன் டியூப் வட்டமாக நிற்கும் அளவுக்கு மட்டும் காற்று அடித்துக்கொள்ளுங்கள், முறுக்கு விழாது. பஞ்சரான டியூப்பை மாற்றுகிறீர்கள் என்றால் முதலில் டயரின் உள்பக்கம் முழுக்க விரலால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். முள் பெரும்பாலும் அங்கேயேதான் இருக்கும்.