அம்மாவுக்கு ஏற்ற கொரிய நாடகம்

கேள்வி: கணவரின் வேலைக்காகத் தென்கொரியாவில், சூவோனில் இருக்கிறோம். அடுத்த மாதம் மதுரையிலிருந்து அம்மா வருகிறார். முழங்கால் வலி, அதனால் மலை, அரண்மனை எல்லாம் முடியாது. நாடகம் என்றால் உயிர். ஆனால் கொரிய மொழி எங்களுக்கே அரைகுறை. எங்கே கூட்டிப் போவது?
- ஒரு வாசகி

பதில்: யோசிக்கவே வேண்டாம், 'நான்டா'வுக்குப் போங்கள். 1997-இல் சியோலில் தொடங்கிய, ஏறக்குறைய வசனமே இல்லாத நகைச்சுவை நாடகம். அங்கே இருந்த காலத்தில், ஊரிலிருந்து யார் வந்தாலும் நான் முதலில் கூட்டிப் போனது இதற்குத்தான்.

கதை இவ்வளவுதான்: ஒரு மணி நேரத்தில் கல்யாண விருந்து தயாராக வேண்டும். போதாக்குறைக்கு மேனேஜர், ஒன்றும் தெரியாத தன் சொந்தக்காரப் பையனையும் சமையல்காரர்கள் தலையில் கட்டிவிடுகிறார். இதை உங்கள் அம்மாவுக்கு யாராவது விளக்க வேண்டுமா என்ன! பந்திக்கு நேரமாகும் பதற்றமும், சிபாரிசில் வந்தவனைப் பார்த்து மற்றவர்கள் விடும் முறைப்பும் மதுரைக்குப் புதிதா? ஒன்றிரண்டு சொற்கள் காதில் விழும். விழாவிட்டாலும் நஷ்டமில்லை.

ஆனால் வசனம் இல்லை என்பதால் சத்தமும் இருக்காது என்று நினைத்துவிடாதீர்கள். சாமுல்நோரி என்கிற கொரியத் தாளவாத்திய மரபின் அடிகளைக் கத்தி, வெட்டுப்பலகை, பாத்திரங்களில் வாசிக்கிறார்கள். தவில் தனியாவர்த்தனத்துக்கு முன்வரிசை தேடும் ஆள் என்றால் அம்மா கைதட்டியே ஓய்ந்துபோவார். தலைவலிக்காரர் என்றால் பின்வரிசையே நல்லது. முன்வரிசைக்கு முட்டைக்கோஸ் துண்டுகள் பறந்து வரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

'ஜம்ப்' என்று இன்னொன்றும் உண்டு. தற்காப்புக் கலைக் குடும்பத்தின் வீட்டில் திருடர்கள் நுழையும் கதை. குட்டிக்கரணங்கள் பிரமாதம். ஆனால் அம்மாவுக்கு என் ஓட்டு சமையலறைக்குத்தான்.

சியோலின் மியோங்டோங் பகுதியில் 'நான்டா' அரங்கம் இருக்கிறது. முதல் வழித்தட ரயிலில் சியோல் நிலையம் வந்து, நான்காம் வழித்தடத்துக்கு மாறினால் இரண்டாவது நிறுத்தம். காட்சி நேரத்தையும், லிஃப்ட் இருக்கிறதா என்பதையும் டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம், பார்வையாளர்களில் இருவரை மேடைக்கு அழைத்து மணமக்களாக்குவார்கள். கணவர் கூச்சப்படுபவர் என்றால் ஓரத்து இருக்கையில் உட்கார வைக்காதீர்கள். மேடையில் சூப் ருசி பார்க்கவும் கூப்பிடுவார்கள். அம்மா சைவம் என்றால் அதற்கு மட்டும் கை தூக்க வேண்டாம்.