முள்ளுக்கு உள்ளே இருக்கும் கறி

கேள்வி: அக்கா, எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளுக்குக் கீழே, பள்ளத்தில், எப்போதும் தண்ணீர் ஊறும் சதுப்பு ஒன்று இருக்கிறது. தண்டெல்லாம் முள்ளாக, சேம்பு மாதிரி ஒரு செடி அங்கே அடர்ந்து நிற்கிறது. சந்தையில் விற்கிற கொகிலக் கிழங்கு இதுதான் என்கிறார் என் வீட்டுக்காரர். போன மாதம் ஒரு துண்டு வெட்டிச் சமைத்தேன். வாயெல்லாம் அரிப்பு, நார் வேறு. மூலத்துக்கு நல்லது என்று மாமியார் கேட்டுக்கொண்டே இருக்கிறார். எப்படிச் சமைப்பது? நட்டு விற்கலாமா?
– வாசகி, புசல்லாவை

பதில்: தங்கச்சி, நானும் லயத்தில் பிறந்தவள்தான். எங்கள் வீட்டில் கொகில சமைத்ததே இல்லை. கல்யாணமாகிக் கடுகண்ணாவைப் பக்கம் வந்த பிறகு, வயலோரத்து வீட்டில் இருந்த ஒரு சிங்கள ஆச்சிதான் எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தார். நம் பிள்ளைகளுக்கும் இந்தக் கறி பழக வேண்டும் என்று எனக்கு ரொம்ப ஆசை. காசு கொடுக்காமல் காலடியில் விளைகிற சாப்பாடு இது.

முதலில் செடி அதுதானா என்று பாருங்கள். இளம் இலை அம்பு முனை மாதிரி இருக்கும். முற்றினால் இறகு போலப் பிளந்துவிடும். இலைக்காம்பில் முள் இருக்க வேண்டும். பூ வரும் காலத்தில், கருஞ்சிவப்பு மடல் ஒன்று கயிறு முறுக்கியது போல நீளமாக எழும். ஒருமுறை பார்த்தால் மறக்கவே மாட்டீர்கள்.

இதன் பேரினத்துக்கு, அதாவது நெருங்கிய உறவுள்ள செடிகளின் கூட்டத்துக்கு, லேசியா என்று பெயர். அந்தப் பேரினத்தில் இரண்டே இனங்கள்தான்: ஒன்று போர்னியோவில், மற்றது நம்முடையது. நம்முடையது இந்தியாவிலிருந்து நியூ கினி வரைக்கும் சேற்று நிலங்களில் வளர்கிறது. 1753இல் ஸ்வீடன் நாட்டுத் தாவரவியல் அறிஞர் லின்னேயஸ் இதை வேறொரு பேரினத்தில் சேர்த்திருந்தார். 1864இல் இதற்கு லேசியா ஸ்பைனோசா என்ற இன்றைய பெயரைக் கொடுத்தவர், அப்போது பேராதனைப் பூங்காவின் தலைவராக இருந்த த்வெய்ட்ஸ். ஸ்பைனோசா என்றால் முள் நிறைந்தது. தாய்லாந்துக்காரர்களும் இதை 'முள் கீரை' என்றுதான் சொல்கிறார்கள். இளங்குருத்தைப் புளிக்க வைத்துச் சாப்பிடுகிறார்கள்.

சரி, அரிப்புக்கு வருவோம். சேம்பில் இருப்பது போலவே இதிலும் ஊசி ஊசியாகக் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் இருக்கின்றன. வாயில் குத்தியது அதுதான். வெட்டுவதற்கு முன் கையில் தேங்காயெண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். தோலை முள்ளோடு சேர்த்துத் தடிப்பாகச் சீவுங்கள், கஞ்சத்தனம் வேண்டாம். உள்ளே வெளிறிய சதை வரும். இனி வெட்டுவதில்தான் இருக்கிறது எல்லாம். ஆச்சி கிழங்கை இடது கையில் பிடித்து, காசு கனத்துக்கு ஒரு வில்லை வெட்டுவார். வில்லையைத் தள்ளும்போது சிலந்தி நூல் மாதிரி நார் இழுபடும். கத்தி முனையை ஒரு சுற்றுச் சுற்றி, அந்த நாரைக் கத்தியிலேயே சுருட்டிக்கொள்வார். பிறகுதான் அடுத்த வில்லை. பத்துப் பன்னிரண்டு வில்லை ஆனதும் பஞ்சு போலச் சேர்ந்த நாரை வழித்து எறிந்துவிடுவார். நீங்கள் தடிப்பாக வெட்டியிருப்பீர்கள், அதனால்தான் நார் நாராக வந்திருக்கிறது.

வெட்ட வெட்ட, உப்பும் எலுமிச்சைச் சாறும் கலந்த தண்ணீரில் போடுங்கள், கறுக்காது. அப்புறம் பிழிந்தெடுத்து, ஒரு பிடி மைசூர்ப் பருப்பு, பச்சை மிளகாய், வெங்காயம், வெந்தயம், மஞ்சள், ரம்பை இலை சேர்த்து இரண்டாம் தேங்காய்ப்பாலில் நன்றாக வேக விடுங்கள். அரை வேக்காட்டில் இறக்கவே கூடாது. கடைசியில் முதல் பால் விட்டு, இறக்கியபின் எலுமிச்சை பிழியுங்கள். சுருண்டிருக்கும் குருத்திலையையும் வீணாக்காதீர்கள். பொடியாக அரிந்து, தேங்காய்ப்பூவும் எலுமிச்சையும் போட்டு, நன்றாக வதக்கிச் சுண்டல் செய்யலாம்.

நடுவதும் சுலபம். கிழங்கை எடுத்தபின் மிஞ்சும் நுனியை, குருத்தோடு ஒரு முழ நீளத்துக்கு, சேற்றில் சாய்த்து ஊன்றினால் போதும். எனக்கு ஏறக்குறைய ஒரு வருடத்தில் வெட்டுகிற பருமன் வந்தது. ஆனால் தங்கச்சி, உங்கள் சதுப்புக்கு எந்தத் தண்ணீர் வருகிறது? லயத்துக் கானும் கக்கூஸ் தண்ணீரும் அதில் இறங்கினால், தேயிலை மலைக்கு அடிக்கிற களைகொல்லி மழையோடு வந்து சேர்ந்தால், அந்தக் கிழங்கு வேண்டாம். விற்கவும் வேண்டாம், நீங்கள் சாப்பிடவும் வேண்டாம். ஊற்றுக்கண் பக்கமாக மேலே ஓரிடம் பாருங்கள். தோட்டத்து நிலமென்றால் துரையிடம் கேட்டுவிட்டே மம்பட்டியை எடுங்கள்.

மாமியார் விஷயம். நாட்டு வைத்தியத்தில் மூலத்துக்குக் கொகில கொடுப்பது பழைய வழக்கம். நார்ச்சத்துள்ள கறி மலச்சிக்கலுக்கு உதவும் என்பதும் சரிதான். ஆனால் என் சின்னம்மாவுக்கு ரத்தம் போனபோது, மூலம்தான் என்று நாங்களே முடிவு செய்து, ஏழு மாதம் இந்தக் கிழங்கையே சமைத்துக் கொடுத்தோம். டாக்டரிடம் கொண்டுபோனபோது அது குடலில் கட்டி. அந்த ஏழு மாதத்தை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு அடைக்கிறது. மாமியாருக்கு ரத்தம் போகிறதா என்று தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். வெட்கப்பட்டு மறைப்பார்கள். போகிறது என்றால் முதலில் ஆஸ்பத்திரி, கறி அப்புறம்.

கேள்வி: ஓடைக்கரையில் முள் இல்லாத கொகில மாதிரி ஒன்று இருக்கிறது. அதையும் சாப்பிடலாமா?
– வாசகர், நாவலப்பிட்டி

பதில்: வேண்டாம். அது கெட்டலவாக இருக்கலாம். லேகனான்ட்ரா என்ற வேறு பேரினம், நஞ்சுள்ளது. புது இலை விரியும்போது பாருங்கள், இரண்டு ஓரமும் உள்பக்கமாகச் சுருண்டிருக்கும். முள் இல்லாததைக் கொகில என்று யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

கேள்வி: சிறுநீரகக் கல் உள்ள என் அப்பாவுக்குக் கொகில கொடுக்கலாமா?
– வாசகி, மாத்தளை

பதில்: ஆக்சலேட் உள்ள கிழங்கு, அவருக்கு வேண்டாம் தங்கச்சி. அவருக்குப் புடலங்காயிலோ பீர்க்கங்காயிலோ அதே பால் கறியை வைத்துக் கொடுங்கள்.