மொரிஷியஸ், பிஜி: எதை வைத்து ஒப்பிடுவது?

கேள்வி: இரண்டு உலகப் போர்களுக்கு இடையில் மொரிஷியஸ், பிஜி இரண்டில் எது பொருளாதாரத்தில் முன்னேறியது என்பது என் முதுகலை ஆய்வு. ஜிடிபி கணக்குக்கு வழியில்லை. சர்க்கரை ஏற்றுமதி மதிப்பை மட்டும் வைத்து எழுதலாமா?

பதில்: ஜோடி நல்ல ஜோடிதான். இரண்டும் பிரிட்டிஷ் காலனி, இரண்டும் கரும்பை நம்பியவை, இரண்டுக்கும் தமிழர் உட்பட இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். ஆனால் ஏற்றுமதி மதிப்பு மட்டும் போதாது.

முதலில் வருஷங்களைக் கவனியுங்கள். 1920 மே மாதம் நியூயார்க்கில் ராத்தல் 22 சென்டைத் தாண்டிய சர்க்கரை, அந்த வருஷக் கடைசியில் 5 சென்டுக்கும் கீழே போய்விட்டது. 1920-இல் கணக்கைத் தொடங்கினால் எந்தத் தீவும் நாசமானதாகத்தான் தெரியும். 1931-உம் ஆபத்தான வருஷம்: பிப்ரவரியில் பிஜியையும் மார்ச்சில் மொரிஷியஸையும் புயல் தாக்கியது. அந்தச் சரிவு முழுவதையும் 1929-இல் தொடங்கிய உலகப் பொருளாதாரப் பெருமந்தத்தின் தலையில் கட்டாதீர்கள். ஐந்து வருஷச் சராசரி எடுங்கள்.

அடுத்ததுதான் முக்கியம்: விற்ற பணம் யாரிடம் போனது? மொரிஷியஸில் ஆலைகள் பெரும்பாலும் அங்கேயே வாழ்ந்த பிரெஞ்சு வம்சாவளிக் குடும்பங்களுடையவை. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே எஸ்டேட் நிலத்தைத் துண்டு துண்டாக வாங்கி இந்தியர்களும் நில உடைமையாளர்கள் ஆனார்கள். பிஜியிலோ 1926-க்குப் பிறகு எல்லா ஆலைகளும் சிட்னியைத் தலைமையிடமாகக் கொண்ட சி.எஸ்.ஆர். (கலோனியல் சுகர் ரிஃபைனிங்) என்ற சர்க்கரைக் கம்பெனியின் கையில், லாபம் கப்பலேறியது. பெரும்பாலான நிலம் பூர்வகுடிகளுடையது, விற்க முடியாது. அதனால் இந்தியர் சுமார் 10 ஏக்கர் குத்தகைக்காரராகவே இருந்தார். இரண்டு இடத்திலும் 'சிறு விவசாயி' என்றே பதிவாகியிருக்கும், ஏமாந்துவிடாதீர்கள். ஆலை சொன்ன விலைதான் விலை என்பது மட்டும் இருவருக்கும் பொது. சிறு விவசாயிகள் அதிகம் பயிரிட்ட ஊபா ரகக் கரும்புக்கு ஆலைகள் விலையைக் குறைத்ததும் 1937-இல் மொரிஷியஸில் கலவரம் வெடித்தது. அதே வருஷம் பிஜியில் கரும்பு விவசாயிகளின் அமைப்பான கிசான் சங்கம் உருவானது.

அப்புறம் தங்கம். 1932-இல் பிஜியின் தவுவா பகுதியில் கிடைத்தது; அதற்குப் பிந்தைய பிஜி ஏற்றுமதியில் அதைத் தனியாகப் பிரித்துக் காட்டுங்கள். அந்தச் சுரங்கங்களிலும் ஆஸ்திரேலிய முதலீடுதான் அதிகமாக இருந்தது.

மொரிஷியஸ் கணக்கு ரூபாயில், பிஜி கணக்கு பவுண்டில் இருக்கும். 1920-களில் ரூபாயின் மாற்று விகிதம் ஏறி இறங்கியதால் அப்படியே மாற்றினால் தப்பாகும். காலனி அரசுகள் வருஷாவருஷம் தொகுத்த நீலப் புத்தகங்களில் கூலியும் உணவுப்பொருள் விலையும் இருக்கின்றன. ஒரு நாள் கூலிக்கு எவ்வளவு அரிசி வாங்க முடிந்தது என்று இரண்டு தீவுக்கும் போட்டுப் பாருங்கள்; நாணயத் தொல்லையே வராது.